எறும்புக் கடி இல்லை

ஊசி குத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அம்மை ஊசி போட வந்த நர்ஸிலிருந்து, போன மாதம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போன பெண் வரைக்கும் என்னிடம் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாத ஒரே ஆள் அவள்.

"வலிக்கும்," என்றாள். "எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. சில பேருக்கு ஒண்ணுமே இருக்காது. சில பேரு கத்துவாங்க. குத்தட்டுமா?"

தலையாட்டினேன். குத்தினாள். மெல்லிய ஊசி, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். முழங்கை மடிப்பின் ஓரத்தில் ஒன்று, அதற்குக் கீழே தசையில் ஒன்று, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று.

"என்ன தெரியுது?"

"பரவாயில்ல."

"பரவாயில்லையான்னு கேக்கல டீச்சர். என்ன தெரியுதுன்னு கேட்டேன். கனமா இருக்கா, இழுக்குதா, மதமதன்னு இருக்கா?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப ஒண்ணும் தெரியலன்னு சொல்லுங்க. எனக்காக எதையும் சொல்லாதீங்க."

திருக்கழுக்குன்றத்தில், பெரிய குளத்துக்குப் பின்னால் போகிற தெருவில், தன் வீட்டின் முன்னறையையே சிகிச்சை அறையாக்கி வைத்திருந்தாள். இரண்டு கட்டில்கள், ஒரு நாற்காலி, சுவரில் தோலுரித்த மனிதனின் தசைப் படம். உள்வீட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. யாராவது "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே திருத்துவாள். "டாக்டர் இல்லைங்க. பிசியோ படிச்சேன். ஊசி அப்புறமா கத்துகினேன்." அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலையை இறுக்கிப் பின்னி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

எனக்கு வந்தது டென்னிஸ் எல்போ. டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கரும்பலகையில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் முழங்கையின் வெளிப்பக்கம் எரியத் தொடங்கிவிடும். காபி டம்ளரைத் தூக்கினால் நழுவியது. வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப இடது கையைப் பழக்கிக்கொண்டேன். செங்கல்பட்டில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர். தசைநார் எலும்போடு சேருகிற இடத்தில் தேய்மானம் என்று படம் போட்டு விளக்கினார். அவர் போட்ட ஊசியில் வலி போய், மறுபடி வந்தது. "கொஞ்ச நாள் பிசியோ பாருங்க. இஷ்டம்னா அக்குபங்சரும் பாக்கலாம், சில பேருக்குக் கேக்குது," என்று அவர்தான் சொன்னார். பள்ளியில் கூட வேலை செய்கிற ஒருத்தி இவளுடைய விலாசத்தைக் கொடுத்தாள்.

"எதனால வந்துது? துணி பிழியறீங்களா, மாவாட்டறீங்களா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்தார். பக்கவாதம். திருப்பிப் போடணும். விரிப்போட சேர்த்துப் பிடிச்சு இழுத்து இழுத்து..."

"இப்ப யாரு திருப்பறாங்க?"

"இப்ப தேவையில்ல. அவர் தவறிட்டார்."

"செத்துட்டாரா?"

அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேராக அதுவரை யாரும் சொன்னதில்லை. "ஆமா," என்றேன்.

"எப்போ?"

"தையில."

"சரி. கட்டை விரல் மேல பாத்த மாதிரி வைங்க."

அவ்வளவுதான். எனக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வாக இருந்தது என்று சொன்னால் புரியுமோ தெரியவில்லை. கல்பாக்கம் குடியிருப்பில் நாங்கள் இருந்த வீட்டுக்கு அந்த மாதம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவரோடு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்களின் மனைவிகள், மாடிவீட்டுக்காரர்கள். கஷ்டப்படாமல் போய்விட்டார் என்றார்கள். நீங்கள் செய்த சேவைக்குப் புண்ணியம் என்றார்கள். எல்லோருக்கும் நானே காபி போட்டுக் கொடுத்தேன். திடமாக இருக்கிறீர்கள் என்றார்கள். நான் திடமாக இல்லை. உள்ளே எதுவும் இல்லை. பெங்களூரிலிருந்து பிள்ளை தினமும் பேசுவான். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொல்லுவேன். இரண்டும் உண்மைதான். என் உடம்பில் உயிரோடு இருந்த ஒரே இடம் வலது முழங்கை.

வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்டதும் செங்கல்பட்டு பஸ் ஏறி அவளிடம் போவேன். மாலை நேரத்தில் எப்படியும் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவளைத் தெரிந்துகொண்டேன்.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருவன் காரில் வந்தான். பேட்மிண்டன் ஆடி முழங்கை போயிருந்தது. ஊசியைப் பற்றி நிறைய படித்திருந்தான். "எத்தனை சிட்டிங்ல சரியாகும்? எவ்வளவு பர்சன்ட் கேரன்டி?" என்று கேட்டான்.

"கேரன்டி வேணும்னா மிக்ஸி வாங்குங்க," என்றாள். சிரிக்கவில்லை. அவள் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. "ஊசி சில பேருக்கு வலியக் குறைக்குது. ஏன் சில பேருக்குக் குறைக்கலன்னு எனக்குத் தெரியாது. ஊசியோட நான் சொல்ற பயிற்சியும் செய்யணும். மட்டையைக் கொஞ்ச நாள் கீழ வெக்கணும். அதுக்கு ஒத்துக்கினா கைய நீட்டுங்க." அவன் நீட்டவில்லை. வெளியே போய்க் காரில் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்துவிட்டுக் கிளம்பினான்.

இன்னொரு நாள், குளக்கரைத் தெருவிலிருந்து வருகிற ஒரு அம்மாள், கையில் ஊசிகளோடு படுத்துக்கொண்டே, மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் படத்தைப் போனில் காட்டி, எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். இவள் நன்றாகப் பார்த்துவிட்டு, "வயசு ஜாஸ்தியா தெரியறாரே," என்றாள். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது, ஊசி இருக்கிறது. கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகக் கொண்டுவந்த மீன் குழம்பை வாசலிலேயே ருசி பார்த்து, "புளி ஏறிடுச்சுக்கா" என்றதையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து குழம்பு வரவில்லை.

இதெல்லாம் சிரிக்கக்கூடியவை. சிரிக்க முடியாததும் நடந்தது. மறைமலைநகரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் போல்ட் முடுக்குகிற வேலை செய்தவன் ஒருவன் வந்தான். ஷிப்ட் முழுக்க முடுக்கும் கருவியைப் பிடித்துப் பிடித்து, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் போயிருந்தது. சில வாரங்கள் வந்த பிறகு கேட்டான், திரும்ப லைன் வேலைக்குப் போகலாமா என்று.

"போலாம். திரும்ப வரும்," என்றாள்.

"ஊசி போட்டுகினே இருந்தா?"

"ஊசி போட்டுகினே இருந்தாலும் வரும். நீங்க அதே கருவியத்தான பிடிக்கப் போறீங்க."

"எனக்கு வேற வேல தெரியாது மேடம்."

"தெரியும்," என்றாள். அவனுக்கு வேறு வேலை தெரியும் என்றல்ல; அவனுக்குத் தெரியாது என்பது தனக்குத் தெரியும் என்று. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் சரியாகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்கே பட்டது. ஆனால் அவன் கிளம்பியபோது செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு போனாள். பெரிய ரோட்டில் பஸ் வரும்வரை அவனோடு நின்றுவிட்டு வந்தாள். அவன் மறுபடி வரவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நின்றுபோனார்கள்.

மீதி இருந்தவர்களை விட்டு அவள் எங்கேயும் போகமாட்டாள். ஊசி குத்திவிட்டுப் போனைப் பார்ப்பதோ, உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பதோ கிடையாது. ஊசி இருக்கிற நேரம் முழுவதும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பேசவும் மாட்டாள். சாயங்காலத்தில் ஒரே ஒரு காரியத்துக்காக மட்டும் எழுந்து போவாள். அது அவளுடைய அப்பா.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர், தோள்கள் இன்னும் அகலமாக இருந்தன. நினைவு தப்பிப் போயிருந்தது. பகல் முழுக்க உள்ளே ரேடியோவைக் கேட்டபடி இருப்பார். வெளிச்சம் சாய்ந்ததும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"உங்கம்மா இன்னும் வரலியா?"

அவள் எழுந்து உள்ளே போவாள். திரை மெல்லியது. எல்லாம் கேட்கும்.

"அம்மா வர மாட்டாங்க நைனா. செத்துட்டாங்க."

ரேடியோவை நிறுத்துகிற சத்தம் கேட்கும். பிறகு அவர், "எப்போ?" என்பார். அவள் சொல்லுவாள். "எப்படி?" என்பார். அதையும் சொல்லுவாள். அதன் பிறகு அவர் அழுவார். முதல் தடவை கேட்கிற மனிதர் எப்படி அழுவாரோ அப்படி. மூச்சு அடைத்து, வாயைப் பொத்திக்கொண்டு. அவருக்கு அது முதல் தடவைதானே. அழுகை அடங்குகிறவரை அவள் அங்கேயே இருப்பாள். பிறகு வந்து, சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவித் துடைத்து, என் முழங்கையில் இருக்கிற ஊசியை லேசாகத் திருப்பி, "என்ன தெரியுது?" என்று கேட்பாள்.

இது ஒவ்வொரு சாயங்காலமும் நடந்தது. அடுத்த நாள் அவர் மறந்திருப்பார். அவள் மறுபடி சொல்லுவாள்.

நான் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பரிதாபம் வந்ததா என்றால், வரவில்லை. எனக்கு வந்தது பொறாமை. அந்த மனிதருக்குத் தினமும் செய்தி புதிதாக வந்து சேர்கிறது. எனக்கு வந்த செய்தி எங்கேயோ வழியில் நின்றுவிட்டது. அவர் அழுவதைக் கூர்ந்து கேட்பேன், கரும்பலகையில் போட்ட கணக்கை எழுதிக்கொள்ளத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளையைப் போல.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஊருக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வந்துடுவாங்கன்னு சொன்னா என்ன? நாளைக்குத்தான் அவருக்கு ஞாபகம் இருக்காதே."

பஞ்சை வைத்து அழுத்தியபடி, "டீச்சர், நான் உங்க கைக்கு மட்டுந்தான் வைத்தியம் பாக்கறேன்," என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கேட்காமல் இருக்க முடியாதவர் ஒருவர் இருந்தார். மாமல்லபுரம் ரோட்டு ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். பெரிய ஆகிருதி, ஊசி என்றால் நடுங்குவார். மாவை அடித்து வீசியே இரண்டு முழங்கையும் போயிருந்தன. ஒவ்வொரு ஊசிக்கும் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய முகம் கோணிப்போகும்.

"இன்னா மேடம் இது? பெரியவர தெனிக்கும் சாவடிக்கிறீங்க. பச்சப்புள்ள மாதிரி கீறாரு. ஒரு பொய் சொன்னா இன்னா, நாக்கு அழுகிடுமா?"

"அடுத்த ஊசி குத்தறேன் மாஸ்டர். வலிக்கும்."

"அய்யோ, முருகா."

எனக்கு ஊசி குத்தத் தொடங்கிக் கொஞ்ச காலமாகியிருந்தது. கை முன்னைவிடத் தேவலை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்குகிற பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லியிருந்தாள், செய்துகொண்டிருந்தேன். ஒரு தடவை ஊசி பட்டதும் தசை ஒரு துள்ளு துள்ளியது. "இப்ப தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். துள்ளியதைக் கண்ணால் பார்த்தேன், உள்ளே தெரியவில்லை என்றேன். சரி என்றாள். குணமானது ஊசியாலா, பயிற்சியாலா, இல்லை திருப்பிப் போட வேண்டிய ஆள் இல்லாததாலா என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது டீச்சர். மூணும் இருக்கும்," என்றாள்.

அது நடந்த அன்று மாஸ்டர் கட்டிலில் படுத்திருந்தார். நான் நாற்காலியில், முழங்கையை மேசைமேல் நீட்டி, ஊசிகளோடு இருந்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று அன்றைக்கு மட்டும் எழுந்து பின்பக்கம் போனாள். திரையை விலக்கிக்கொண்டு அவளுடைய அப்பாவின் தலை எட்டிப் பார்த்தது.

"உங்கம்மா இன்னும் வரலியா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

மாஸ்டர் தலையைத் திருப்பி, நான் வாயைத் திறப்பதற்குள், "வந்துகினே கீறாங்க பெரியவரே. பஸ்ஸு ஏறிட்டாங்களாம்," என்றார்.

பெரியவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. "ஏறிட்டாளா?" என்றார். "சரி, சரி." திரை விழுந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "மேடம், இன்னிக்குப் பெரியவரு அழல பாத்தீங்களா? அம்மா வந்துகினு கீறாங்கன்னு சொன்னேன். சிரிச்சுகினே போய்ட்டாரு."

அவள் திரையை விலக்கி உள்ளே போனாள். "நைனா? நைனா?" என்று குரல் கேட்டது. பின்பு வேகமாக வெளியே வந்தாள். விலகிய திரைக்கு உள்ளே, ஆணியில் அவருடைய சட்டை இல்லை. பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது.

மாஸ்டரின் கைகளிலிருந்தும் என் கையிலிருந்தும் ஊசிகளைப் பிடுங்கினாள். மாஸ்டர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் போனார். அவள் குளத்தை நோக்கி ஓடினாள். நானும் பின்னால் போனேன். சங்கு தீர்த்தம் என்கிற அந்தக் குளம் சின்னது இல்லை. படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டாள், உயரமான ஆள், வெள்ளைச் சட்டை என்று. பார்க்கவில்லை என்றார்கள். தண்ணீரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். மேற்கே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் எதுவும் இல்லை. குளத்தைச் சுற்றி ஓடினாள். கோயில் தெரு, மலைக்குப் போகிற படிக்கட்டு, பால் பூத், எல்லா இடத்திலும் கேட்டாள்.

"பஸ்ஸு ஏறிட்டாங்கன்னுதானே மாஸ்டர் சொன்னார். பஸ் ஸ்டாண்டுல பாக்கலாமே," என்றேன்.

"அங்க இருக்க மாட்டாரு," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாத்துட்டாவது வரலாம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் நடக்கத் தொடங்கியதும் பின்னால் வந்தாள்.

அவர் அங்கேதான் இருந்தார். பஸ் ஸ்டாண்டின் சிமென்ட் பெஞ்சில், செங்கல்பட்டு பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேரெதிரே, தலை வாரி, சட்டைப் பொத்தான் முழுவதும் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் உட்காராமலிருக்கத் துண்டை விரித்து வைத்திருந்தார். ஒரு பஸ் வந்து நின்றது. இறங்குகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தார். கடைசி ஆள் இறங்கியதும் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் மகளைப் பார்த்தார்.

"இதுலயும் வரல. ஏறிட்டான்னு சொன்னாரே அந்தாளு. உங்கம்மா எங்க?"

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தினமும் அவள் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் காத்திருந்தேன். அவள் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் என்னைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லேம்மா."

"அவங்க வர மாட்டாங்க ஐயா," என்றேன். "செத்துட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். ஏன் அடுத்ததைச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "என் வீட்டுக்காரரும் செத்துட்டார்," என்றேன்.

இப்போது அழுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, விரித்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"குந்தும்மா," என்றார்.

உட்கார்ந்தேன்.

"எப்போ?"

"தையில."

"கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"அதாம்மா வேணும்," என்றார். ரோட்டைப் பார்த்தார். "நான் இல்ல. நான் இங்க குந்திகினு இருந்தேன்."

அவள் அதைக் கேட்டாள். கேட்டதும் பெஞ்சின் மறு ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். அவர் அழுதார்தான். ஆனால் வீட்டில் அழுவதைப் போல இல்லை. கண்ணிலிருந்து நீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை.

மாஸ்டரின் பைக் வந்து நின்றது. எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் வரப் பயந்து, டீக்கடை ஓரத்தில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"மாஸ்டர், நைனாவுக்கு ஒரு டீ சொல்லுங்க. சக்கர கம்மியா."

மாஸ்டர் ஓடிப்போய் டீயை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். பெரியவர் ஊதி ஊதிக் குடிக்கத் தொடங்கினார். மாஸ்டர் அவருக்கு எதிரே தரையில் குந்திக்கொண்டார். அப்போதுதான் அவள் பேசினாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், மெதுவாக, தன் கையைப் பார்த்துக்கொண்டே.

"அம்மா செங்கல்பட்டுல ஜவுளிக் கடையில வேல செஞ்சாங்க. நைனாவுக்கு டூட்டி இல்லாத அன்னிக்கு இங்க வந்து குந்திகினு இருப்பாரு, அம்மா கையில இருக்கற பைய வாங்கிக்க. அன்னிக்கு தீபாவளிக் கூட்டம். கடையிலயே மயங்கி வுழுந்து அங்கயே போய்ட்டாங்க. மாமா எனக்கு போன் பண்ணாரு. நைனாகிட்ட இப்ப சொல்லாத, எடுத்துகினு வந்ததும் சொல்லிக்கலாம்னாரு. நான் இங்க வந்தேன். கடையில கூட்டம், அம்மா லேட்டாத்தான் வருவாங்க, வூட்டுக்கு வா நைனான்னு கூட்டிகினு போனேன். சோறு போட்டேன்."

ஒரு பஸ் வந்து திரும்பியது. அது போகும்வரை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"நல்லா சாப்ட்டாரு டீச்சர். அன்னிக்கு மீனு. அம்மாவுக்கு ரெண்டு துண்டு எடுத்து வைன்னாரு. எடுத்து வெச்சேன். மூடியும் வெச்சேன். அப்புறந்தான் வண்டி வாசல்ல வந்து நின்னுது. அவரு வாசலுக்குப் போவல. கைகூட கழுவாம என்னையே பாத்துகினு நின்னாரு."

 அவளிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலிருந்தாலும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பெஞ்சில் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பெரியவர் காலி கிளாஸைக் கீழே வைக்கக் குனிந்தபோது என் கையைப் பார்த்தார். "இன்னாம்மா இது, கையில முள்ளா?"

முழங்கைக்குக் கீழே ஒரு ஊசி அப்படியே இருந்தது. அவசரத்தில் பிடுங்காமல் விட்டிருந்தாள். அதோடுதான் குளத்தைச் சுற்றி ஓடியிருக்கிறேன். பாதி வளைந்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். எழுந்து வந்து எனக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "மன்னிச்சிடுங்க டீச்சர். இது பெரிய தப்பு. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வுட்டதில்ல."  ஊசியைப் பிடித்து, வளைந்த வாட்டத்திலேயே மெதுவாக இழுத்தாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பஞ்சு இல்லை. என் முந்தானை நுனியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சுதா?"

வலித்தது. சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ரத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

கல்பாக்கம் பஸ் வந்தது. நான் எழுந்தபோது பெரியவரும் எழுந்தார். என் கைப்பையை வாங்கிக்கொண்டு, கூட்டத்தை ஒதுக்கி, படியருகே கொண்டுவந்து கொடுத்தார். "பாத்து ஏறும்மா," என்றார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டீக்கடையில் விளக்குப் போட்டுவிட்டார்கள். மாஸ்டர் பைக்கை நகர்த்தி வைத்துக்கொண்டு, போகலாமா என்பது போல அவளைப் பார்த்தார்.

பெரியவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். செங்கல்பட்டுப் பக்கம் ரோட்டைப் பார்த்தார். அவள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. துண்டுக்கு அந்தப் பக்கம், அது கசங்காமல், போய் உட்கார்ந்தாள். எங்கள் பஸ் கிளம்பித் திரும்பியபோது இருவரும் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.